ஜெபராணி பிடுங்கிய பியூஸ் கட்டை

ஜெபராணிக்கு யாரிடமும் 'சித்த இருங்க', கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வராது. சத்தியமங்கலத்தில் பிறந்து, கோயமுத்தூரில் எம்.சி.ஏ. படித்து, பீளமேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் நிரல் எழுதும் வேலைக்குச் சேர்ந்தவள். கணினிக்குள் எப்பேர்ப்பட்ட சிக்கல் என்றாலும் பொறுமையாக உட்கார்ந்து பிரித்துவிடுவாள். மனுசர் யாராவது முன்னால் வந்து நின்று எதையாவது கேட்டால் மட்டும் வாய் தானாகச் 'சரிங்க' என்றுவிடும். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பத்துக்கும் சரிங்க என்றுதான் சொன்னாள். நல்ல வேளை, அவர்கள் சொல்லவில்லை. ஆபீசில் மற்றவர்களுடைய மிச்ச வேலையெல்லாம் சாயங்காலத்துக்குள் அவள் மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். தள்ளிவிட்டுப் போனவர்களுக்கு ஒரு சின்ன உறுத்தல்கூட இருக்காது, அவ்வளவு இதமாக வாங்கிக்கொள்வாள்.

வீட்டுக்கும் ஆபீசுக்கும் இந்தக் குணம் ஒத்துவந்தது. காரமடைப் பக்கத்துச் சாயப்பட்டறையில் அது வெள்ளியங்கிரி என்கிற ஒரு மனுசரைக் கொன்றிருக்கும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. ஜெபராணியின் முதலாளி கோபாலசாமி, சாயப்பட்டறைகளுக்குக் கணினி வைத்துத் தானாக ஓடும்படி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். நூல் கோன்களை அடுக்கிச் சாயத் தண்ணீரில் மூழ்கவைத்து, நீராவி ஏற்றி, அழுத்தத்தில் வேகவைக்கிற ஆளுயர எஃகுக் கலத்தைப் பட்டறைக்காரர்கள் வெசல் என்பார்கள். எப்போது நீராவி விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது மூடியைத் திறக்கலாம் என்பதையெல்லாம் ஜெபராணி எழுதிய நிரல்தான் முடிவு செய்தது. கலத்துக்குள் அழுத்தம் இருக்கும்வரை மூடி திறக்கும் பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் சுற்றாது. அந்தக் காவலும் நிரலுக்குள்தான் இருந்தது.

நிரலுக்குள் மூன்று ஆட்கள் ஒரே நேரத்தில் வேலை பார்ப்பதாக வைத்துக்கொண்டால் கதை புரிந்துவிடும். கணினிக்காரர்கள் அவர்களை த்ரெட் என்பார்கள். முதலாமவன் கலத்தின் அழுத்தத்தையும் சூட்டையும் அளந்து கொண்டுவந்து வைக்கிற அளவுக்காரன். இரண்டாமவன் அந்த அளவைப் பார்த்து வால்வைத் திறந்து மூடுகிற வால்வுக்காரன். மூன்றாமவன் எல்லாவற்றையும் திரையில் எழுதிக் காட்டுகிறவன். மூவரும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். ஆனால் எப்போதாவது ஒருநாள், ஒரு காரணமும் இல்லாமல், மொத்தமும் நடுச்சாயத்தில் நின்றுபோகும். நூல் திட்டுத் திட்டாக வெளியே வரும். பீளமேட்டு ஆபீசில் அதே நிரல் வாரக் கணக்கில் ஓடியும் ஒருதரம்கூட நிற்கவில்லை.

"பட்டறையிலயே போயி புடிச்சாத்தான் உண்டு ஜெபராணி," என்றார் கோபாலசாமி. "அருள்குமார் நம்மள வுட்டுப்போட்டு வேற ஆளப் பாக்கறேங்கறாப்ல. இது போச்சுன்னா அடுத்த பட்டறைக்காரன் நம்மள ஊட்டுப்படி ஏற உடமாட்டான்."

"சரிங்க சார்," என்று பஸ் ஏறினாள்.

அருள்குமார் பட்டறை முதலாளியின் மகன். கோபமே வராத, சிரித்த முகத்துக்காரர், அதுதான் ஜெபராணிக்கு வினையாக இருந்தது. கடுகடுவென்று பேசுகிறவரிடமாவது எப்போதாவது முடியாது என்று சொல்லிப் பார்க்கலாம். கலத்தில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்க்கலாமா என்று அவள் கேட்டபோது அவர் கைகூப்பாத குறையாகச் சொன்னார்.

"எக்ஸ்போர்ட் லாட்டுங்க அம்மணி. வெசல சும்மா ஓட்டறதுக்கு இப்ப வழியில்லீங்க. நீங்க பாட்டுக்குப் பாருங்க, வேலை பாட்டுக்கு நடக்கட்டும்."

"சரிங்க," என்றாள். சரியில்லை என்று அவளுக்குத் தெரியும்.

வெசலைக் கவனித்துக்கொண்டவர் வெள்ளியங்கிரி. அவளுடைய அப்பா வயது. சட்டைப்பையில் வெற்றிலை வைத்திருக்கிற மாதிரி அடிக்கடி ஒரு வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டையை வைத்திருப்பார். கலத்துக்குள் கைவிடுகிற வேலை எதுவானாலும், தூணில் இருந்த மின்பலகையிலிருந்து அந்தக் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார். அந்த ஒரு கட்டை வெளியே வந்தால் மூடி மோட்டாரும் பம்புகளும் நிற்கும், நீராவி வால்வும் தானாக மூடிக்கொள்ளும். வேலை முடிந்து அவர் கையாலேயே திரும்பச் சொருகும்வரை பட்டறையில் ஒருவரும் பலகைப் பக்கம் போகமாட்டார்கள். போனால் அது அவருடைய உயிரில் கைவைக்கிற மாதிரி. முன்னொரு நாள் பலகையைத் துடைக்கப்போன ஒருவனை அவர் பேசிய பேச்சில் அவன் வேலையை விட்டே போய்விட்டானாம்.

ஜெபராணி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து தன் பொறியை வைத்தாள். பொறி என்பது டீபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவில் பிடித்து நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி ஓடவிடுகிற கருவி. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இதை ஆள் கையால் செய்ய முடியாது. அதனால் டீபக்கருக்குத் தானாகக் கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். அந்த ஸ்கிரிப்ட் ஆரம்பத்தில் ஒரே ஒருதரம் அளவுக்காரனைத் தேர்ந்தெடுக்கும், பிறகு இவனை நிறுத்து என்று சொல்லும். அளவு மாறாமல் இருக்கிற அந்த நொடியில் வால்வுக்காரன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொள்ளும். பிறகு இவனை விடு என்று சொல்லும். அவ்வளவுதான், நிறுத்துவதையும் விடுவதையுமே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும்.

ஸ்கிரிப்ட் ஓடும்போது விசைப்பலகையைத் தொடக்கூடாது என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் அப்போது அவளுக்கே முழுதாகத் தெரியாது. இரண்டு பேர் ஒரே டீபக்கரிடம் பேசினால் ஏதாவது கோளாறு வரும் என்று ஒரு பயம், அவ்வளவுதான்.

மூடி இறங்கிப் பூட்டிக்கொண்டது. நீராவி வால்வு திறந்தது. திரையில் சூடு நாற்பதைத் தாண்டியது. அப்போதுதான் அருள்குமார் கையில் இரண்டு டம்ளர் டீயோடு உள்ளே வந்தார்.

"ஏனுங்க அம்மணி, அந்த ஸ்கிரீன் எழுதறது ஒண்ணு இருக்குதுன்னீங்கல்ல. அது உள்ளுக்குள்ள எப்படிங்க இருக்கும்? ஒருக்கா காட்டுங்களேன், பாக்கறேன்."

சித்த இருங்க என்று சொன்னால் முடிந்தது. டீ கொண்டுவந்து கொடுத்த மனுசனிடம், அதுவும் கம்பெனியின் தலையெழுத்தைக் கையில் வைத்திருக்கிறவரிடம், அவளால் எப்படிச் சொல்ல முடியும்?

"சரிங்க," என்றாள். திரைக்காரனைத் தேர்ந்தெடுக்கும் கட்டளையை அடித்தாள். ஏதேதோ எண்கள் மேலே ஓடின. அருள்குமார் ஒன்றும் புரியாமல் "அடேயப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் டீயைக் குடித்தாள். இனிப்பு சற்று அதிகம்.

டம்ளர் காலியாகும்போது, கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்த வெள்ளியங்கிரியின் குரல் வெளியே கேட்டது. பம்புகளின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்றால் பட்டறையில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள்.

"சூடே ஏற மாட்டீங்குதுங்க. வால்வு தொறந்துதான் கெடக்குது. பாயிலர்ல ஸ்டீம் இல்லீங்களாட்ட இருக்குது."

"பாயிலர் நல்லாத்தான் ஓடுது," என்று அருள்குமார் கத்தினார். "உள்ள தண்ணி சுத்துதான்னு பாருங்க."

ஜெபராணி திரையைப் பார்த்தாள். சூடு 41.2. அழுத்தம் 0.0. மூலையில் கடிகாரம் நொடி தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் உயிரோடு இருக்கிற மாதிரிதான் தெரிந்தது.

சூட்டின் கடைசி இலக்கத்தில்தான் அவள் கண் நின்றது. நிஜமான சூடு ஒருநாளும் சும்மா இருக்காது. 41.2 என்று காட்டும், 41.3 என்று துள்ளும், திரும்ப இறங்கும். கொதிக்கிற உலைத்தண்ணி மாதிரி அதற்கு அடங்கவே தெரியாது. இந்த எண் அசையவில்லை. டீ குடிக்க ஆரம்பித்தபோதும் 41.2 தான்.

அளவுக்காரன் நின்றுபோயிருக்கிறான். யாரும் விடாமல், நிறுத்தியது நிறுத்தியபடியே கிடக்கிறான்.

காரணம் ஒரே வீச்சில் அவளுக்கு விளங்கியது. டீபக்கருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு 'இவன்' தான். ஸ்கிரிப்ட் அளவுக்காரனைக் காட்டி இவனை நிறுத்து என்றது. விடுவதற்கு முன்னால், அந்த இடுக்கில், அவள் விசைப்பலகையில் திரைக்காரனைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஸ்கிரிப்ட் இவனை விடு என்று சொன்னபோது டீபக்கர் திரைக்காரனை விட்டது, அவனோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவன். அளவுக்காரன் கடைசியாக வைத்துவிட்டுப் போன எண்ணைத்தான் வால்வுக்காரன் இத்தனை நேரமும் நிஜம் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். கலம் இன்னும் சூடாகவில்லை என்று நீராவியை முழுசாகத் திறந்து விட்டிருக்கிறான். உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மூடிக் காவலுக்கும் தெரியாது, அதுவும் அந்த 0.0-ஐத்தான் பார்க்கும்.

அவள் தலை நிமிர்ந்தபோது வெள்ளியங்கிரி இரும்புப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து உள்ளே தண்ணீர் சுற்றுகிறதா என்று பார்க்கப் போகிறார். மூடி திறக்க மோட்டார் வேண்டும், அதனால் கட்டை இன்னும் பலகையில்தான் இருந்தது. கலத்தைச் சுற்றிப் பஞ்சுறை போட்டுத் தகரம் அடித்திருந்ததால் சூடு கைக்குத் தெரியாது. அழுத்தம் காட்டுகிற பழைய முள்மானி ஒன்று உண்டு, அது கலத்துக்குப் பின்னால் சுவரோரக் குழாயில் இருந்தது. கணினி வந்த பிறகு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஜெபராணியின் நிரலை அவ்வளவு நம்பினார்கள்.

அவளுடைய விரல்கள் விசைப்பலகைக்குப் போயின. அளவுக்காரனை விடு என்று ஒரு வரி அடித்தால் போதும். அடுத்த கணமே நிஜமான அழுத்தம் வந்துவிடும், மூடி அசையாது.

விரல் அப்படியே நின்றது. ஸ்கிரிப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அடிக்கிற வரி எந்த இடுக்கில் போய் விழும்? இவன் என்று டீபக்கர் இப்போது யாரைப் பிடித்து வைத்திருக்கிறது? விடப்போய் வால்வுக்காரனையும் சேர்த்து நிறுத்திவிட்டால்? தெரியாது. அந்தக் கருவியை ஒரு நொடிகூட நம்ப முடியாது.

எழுந்து கதவுக்கு ஓடினாள்.

"அண்ணா," என்று கத்தினாள். கத்திப் பழகாத தொண்டை. பம்பு இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. வெள்ளியங்கிரி மேடையில் நின்று பொத்தானில் கைவைத்தார். மூடியின் பூட்டு வளையம் முனகிக்கொண்டு சுழல ஆரம்பித்தது.

தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று அந்த நொடியிலும் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. எக்ஸ்போர்ட் சரக்கு நடுவில் நின்று கெட்டுப்போகும், கோபாலசாமியின் கம்பெனி அதோடு சரி. அதைவிடப் பெரிதாக, வெள்ளியங்கிரியின் பலகையில் வேறு ஆள் கைவைத்ததாக ஆகும். மனசில் ஆயிரம் தடவை 'ஐயோ இயேசப்பா' என்று சொல்லிக்கொண்டு தூணுக்குப் பாய்ந்தாள். இரண்டு கையாலும் அந்த வெள்ளைக் கட்டையைப் பிடுங்கினாள்.

மோட்டார் அடங்கியது. வளையம் பாதியில் நின்றது. பம்புகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஓட்டத்துக்கு நடுவில் பட்டறையில் யாரும் கேட்டிராத அமைதி வந்தது. அந்த அமைதியில் எல்லோருக்கும் ஒரு சத்தம் கேட்டது. மூடியின் விளிம்பிலிருந்து, வெள்ளியங்கிரியின் மார்புக்கு நேராக, நூல் மாதிரி மெல்லிசாக நீராவி சீறிக்கொண்டிருந்தது.

அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். ஒவ்வொரு படியாக, பின்பக்கமாகவே இறங்கினார். கலத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அங்கே முள்ளைப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஆளைக் காணவில்லை. பிறகு கைவால்வைத் திருகுகிற சத்தமும், கூரைக் குழாய் வழியாக நீராவி பெருஞ்சத்தத்தோடு வெளியேறுகிற சத்தமும் கேட்டன. திரும்பி வந்தவர் ஒரு நூல் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

அருள்குமார் ஓடிவந்தார். அவருக்கு இன்னும் விஷயம் எட்டவில்லை. அவர் கண்ணில் பட்டது நின்றுபோன பம்புகள்தான்.

"என்னுங்க அம்மணி இது? சாயம் பாதியில நிக்குது. அந்தக் கட்டையக் குடுங்க, பம்ப மட்டுமாவது போட்டுக்கறேன்."

நல்ல விதமாகத்தான் கேட்டார், கையையும் நீட்டினார். அவள் அந்தக் கட்டையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"தர மாட்டேனுங்க."

அவர் தப்பாகக் கேட்டுவிட்டதாக நினைத்து மறுபடி கேட்டார்.

"முள்ளு கீழ எறங்கோணுமுங்க. அது வரைக்கும் தர மாட்டேன்," என்றாள். அழுகை வந்துவிட்டது. ஆனாலும் கையைத் திறக்கவில்லை.

முள் இறங்க நெடுநேரமானது. நூல் வீணாகத்தான் போயிற்று. விஷயம் புரிந்த பிறகு அருள்குமார் முகம் வெளுத்துப்போய், நீங்கள் மட்டும் இல்லையென்றால் என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை பேசாமல் இருந்திருந்தால் அவள் அன்றைக்கு எல்லோர் கண்ணிலும் உயர்ந்திருப்பாள். ஆனால் அவளால் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அளவ நிறுத்தி வெச்சதே என்ற ஸ்கிரிப்ட்தானுங்க. ஓடறப்ப நாந்தான் கைவெச்சுப்போட்டேன்," என்றாள், வெள்ளியங்கிரியைப் பார்த்து.

வெள்ளியங்கிரி அவளிடமிருந்து கட்டையை வாங்கிக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் பஸ் ஏறும்வரை திரும்பி வரவில்லை. பீளமேடு வரைக்கும் அந்த முதுகுதான் அவள் கண்ணில் நின்றது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தாள்.

கோபாலசாமி அவளை வேலையைவிட்டு எடுக்கவில்லை. பட்டறைக்குப் போய், வீணான சரக்குக்குத் தானே பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். அவள் ஸ்கிரிப்டைத் திருத்தினாள். இனி அது இவன் என்று சொல்லாது, நிறுத்துவதற்கும் விடுவதற்கும் ஆளின் பெயரையே சொல்லும். டீபக்கரிடம் பேசுவதற்கு ஒரே ஒரு உரிமைச் சீட்டு. ஸ்கிரிப்ட் அதை வைத்திருக்கும்போது விசைப்பலகையில் எதை அடித்தாலும் காத்திருக்கும். விசைப்பலகை வைத்திருந்தால் ஸ்கிரிப்ட் காத்திருக்கும். அந்தச் சீட்டுக்கு நிரலில் 'கட்டை' என்றே பெயர் வைத்தாள். ஆபீசில் யாருக்கும் அதற்கு அர்த்தம் தெரியாது. கேட்டவர்களுக்குச் சொல்லவும் இல்லை.

அடுத்த தடவை வெறும் தண்ணீரில்தான் ஓட்டுவேன் என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டாள். அருள்குமார் மறுபேச்சுப் பேசவில்லை. பட்டறைக்குள் நுழைந்தபோது வெள்ளியங்கிரி முகம் கொடுக்கவில்லை. அவள் பொறியை வைத்தாள். நிரல் ஏன் நின்றுபோகிறது என்பது அன்று மத்தியானமே பிடிபட்டது. கல்யாண வீட்டு வாசலில் இரண்டு பேர் நீங்க போங்க, இல்லீங்க நீங்க போங்க என்று நின்றுகொண்டே இருப்பார்கள் அல்லவா, வால்வுக்காரனும் திரைக்காரனும் அப்படித்தான் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்றிருக்கிறார்கள். நம்மூர் ஆள் எழுதிய நிரல், வேறெப்படி இருக்கும்!

நடுவில் அருள்குமார் டீயோடு வந்து என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"சித்த இருங்க," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் டம்ளரை வைத்துவிட்டு நின்றார்.

ஓட்டம் முடிந்தது. திரையில் அழுத்தம் 0.0 என்று வந்தது. மூடியைத் திறக்க வேண்டிய நேரம். வெள்ளியங்கிரி தூணுக்குப் போனார். பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். கண்ணாடி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்க வெச்சுக்கங்க அம்மணி. போயி முள்ளப் பாத்துட்டு வந்து சொருகுங்க. அப்பறம்தான் நான் ஏறுவேன்."

அவள் எழுந்து கலத்துக்குப் பின்னால் போனாள். வரும்வரை அவர் படிக்குக் கீழேயே நின்றிருந்தார்.